உங்கள் மாமன் என்னை ஜெயிக்கச் சம்மதித்த கதை

அபுதாபியில் உங்கள் மாமன் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் அது. சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவன் நான்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவரும் பெரிய அட்டைப்பெட்டி எதுவும் அவனிடம் இல்லை. ஒரே ஒரு பை. நம் ஊர் ஓடைப்பட்டி வந்து சேரும் வரைக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தான்.

"தூங்கிட்டியா மாப்ளே?" என்று நடுவில் கேட்டேன்.

"இல்ல மச்சான்" என்றான். அவ்வளவுதான்.

உங்கள் அம்மாவுக்கு அவன் ஒரே தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அவனுக்குத் தலை சீவிவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவள் அவள். அதனால் அவன் வேறு எங்கே வந்து இறங்குவான்? நம் வீட்டுப் பின்னறையில் கட்டிலைப் போட்டுக் கொடுத்தோம். நாள் போகப் போக அதிலேயே படுத்துக் கிடந்தான்.

காய்ச்சல் இல்லை, வலி இல்லை. தேனிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார்கள். ஆனால் வைத்த சோறு வைத்தபடி இருந்தது. முதலில் கடைப்பக்கம் போய்க்கொண்டுதான் இருந்தான். போகிற வழியில் ஆளுக்கு ஆள் ஒரே கேள்வி. "என்னப்பா, லீவா? எப்ப திரும்பப் போற?" அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்டவர்கள் ஒன்றும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நம் ஊரில் அது, சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரி. ஆனால் கொஞ்ச நாளில் அவன் வாசல் தாண்டுவதையே விட்டுவிட்டான்.

உங்கள் அம்மா பயந்துபோனாள். திராட்சைக்கு மருந்தடித்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தால், எனக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால், "கொஞ்சம் போயி அவன எட்டிப் பாருங்க" என்பாள். பின்னறையிலிருந்து சத்தம் வராவிட்டால் பயம். கதவு சாத்தியிருந்தால் பயம். பிள்ளைகள் உங்கள் முன்னால் காட்டிக்கொள்ள மாட்டாள். அடுப்படியில் நின்று என்னிடம் மட்டும், "எந்தம்பி எனக்குத் திரும்பக் கெடைப்பானாங்க?" என்று கேட்டாள். நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவன். அந்தக் கேள்விக்குப் பதில் எந்தப் பாடத்திலும் இல்லை.

ஒருநாள் அவனுடைய பையைத் துவைக்க எடுத்தாள். உள்ளே கனத்த வெள்ளைத் துணியில் இரண்டு ஜோடி உடுப்பு இருந்தது. சட்டைக் கழுத்து கயிறு மாதிரி தடித்து இருந்தது. கூடவே ஒரு நீல பெல்ட்.

"என்னடா இது, சமையக்காரர் உடுப்பா?"

"இல்லக்கா. ஜியு ஜிட்சு."

"என்ன சூசூ?"

அன்றைக்குத்தான் அவன் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினான். அபுதாபியில் ஒரு விளையாட்டுக் கூடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்வது அவன் வேலை. அங்கே பிரேசில் நாட்டுக்காரர் ஒருவர் மல்யுத்தம் மாதிரி ஒன்றைச் சொல்லிக்கொடுப்பார். அடிப்பது உதைப்பது கிடையாது. பிடித்து, கீழே தள்ளி, மேலே ஏறி அமுக்கி, கையையோ கழுத்தையோ மடக்க வேண்டும். மாட்டிக்கொண்டவன் கையால் ரெண்டு தட்டுத் தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். ஒருநாள் ஜோடி சேர ஆள் ஒன்று குறைந்ததாம். துடைப்பக்கட்டையோடு நின்றவனை அந்த வாத்தியார் கைகாட்டி உள்ளே கூப்பிட்டாராம். அன்றைக்குப் போனவன் பிறகு வேலை முடிந்ததும் தினமும் போயிருக்கிறான்.

"இங்கன பண்ண வேண்டியதுதானடா?" என்றாள் அம்மா.

"தனியாப் பண்ண முடியாதுக்கா. இன்னொரு ஆளு வேணும்."

உங்கள் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அப்போது முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன்.

"நானா? திராட்சைப் பந்தலுக்கு அடியில அண்ணாந்து நின்னு நின்னு கழுத்தே பிசகிப்போயிக் கெடக்கு. வயசுப் பயலுக யாரையாச்சும் பாக்கலாம்" என்றேன்.

பார்த்தோம். திராட்சைப் பெட்டி ஏற்ற வரும் பையன்களில் ரெண்டு பேர் ஒரு சாயங்காலம் வந்தார்கள். கொஞ்ச நேரம் உருண்டார்கள். அதில் ஒருவன் எழுந்து கைலியைத் தட்டிக்கொண்டு, "கட்டிப்புடிச்சு உருள்றதுக்கு அபுதாபி வரைக்கும் போகணுமாக்கும்?" என்றான். மற்றவன் விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாள் இருவரும் வரவில்லை. உங்கள் மாமன் மறுபடி கட்டிலுக்குப் போய்விட்டான்.

அதற்கப்புறம் நான் முறுக்குத் தின்றுகொண்டு சும்மா இருக்க முடியுமா?

நம் தோட்டத்தில் காய் வெட்டி முடித்து, பெட்டி கட்டும் தகரக் கொட்டகை காலியாகக் கிடந்தது. அடியில் சிமெண்டுத் தரை. அதில் விழுந்தால் எலும்பு மிஞ்சாது. மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஒரு கயிறு மில்லிலிருந்து தேங்காய் நார்த்தூள் ஒரு டிராக்டர் கொண்டுவந்து கொட்டினேன். அதை மிதித்துச் சமப்படுத்தி, மேலே தார்ப்பாயை விரித்து, பந்தல் கம்பி இழுக்கிற மாதிரி நாலு பக்கமும் இழுத்துக் கட்டினோம். உங்கள் மாமன் மண்டி போட்டு மூலை மூலையாக அமுக்கிப் பார்த்தான். "இங்கன பள்ளமா இருக்கு மச்சான்" என்றான். இன்னும் ரெண்டு கூடை தூளைக் கொட்டினேன். அவன் ஒன்றைச் சரியில்லை என்று சொன்னதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் தொடங்கினோம். அவனுடைய இன்னொரு உடுப்பை நான் போட்டுக்கொண்டேன். வயிற்றுக்கு எட்டவில்லை. இடுப்பில் கட்ட வெள்ளை பெல்ட் வேண்டும் என்றான். பழைய வேட்டியைக் கிழித்து உங்கள் அம்மா தைத்துக் கொடுத்தாள். புதிதாகச் சேருகிறவன் வெள்ளை கட்ட வேண்டுமாம்; அதற்கு அடுத்த படிதான் அவனுடைய நீலம்.

முதல் பாடம், கீழே மாட்டிக்கொண்டால் இடுப்பை நகர்த்தித் தப்பிப்பது. மல்லாந்து படுத்து, ஒரு பக்கம் திரும்பி, காலை ஊன்றி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ள வேண்டும்.

"இறா மாதிரி சுருங்குங்க மச்சான். இறா பின்னாடி போகும்ல, அது மாதிரி."

"ஏலே, நான் இறாவக் கொழம்புலதான் பாத்திருக்கேன். அது எங்கயும் போகாது."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் உதடு கொஞ்சம் அசைந்தது. வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மாவிடம் அதைச் சொன்னேன். "எந்தப் பக்க உதடு?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு வந்தது கால் சங்கதி. இந்த ஜியு ஜிட்சுவில் காலுக்குத்தான் பாதி வேலை. மல்லாந்து படுத்துக்கொண்டு எதிராளியின் இடுப்பில் பாதத்தை வைத்துத் தள்ள வேண்டும். தோளில் வைத்துத் தள்ள வேண்டும். கால்களால் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்குக் கார்டு என்று பெயர். எதிராளி அதைத் தாண்டி வந்தால்தான் மேலே ஏறி உட்கார முடியும். நமக்கோ தெரியாமல் ஒருவர் மேல் கால் பட்டாலே கை தானாகப் போய் அவர்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். உங்களுக்கும் அப்படித்தானே பழக்கியிருக்கிறோம்? முதல் தடவை என் பாதம் அவன் நெஞ்சில் பட்டதும், பிடித்திருந்த சட்டையை விட்டுவிட்டு அவனைத் தொட்டுக் கும்பிட்டேன். அவன் பாதம் என் தோளில் பட்டதும் அவனும் விட்டுவிட்டுக் கும்பிட்டான். நான் பிடிக்க, கால் பட, கும்பிட. அவன் பிடிக்க, கால் பட, கும்பிட. ரெண்டு பேரும் சண்டை போடுகிறோமா, கோயிலில் நிற்கிறோமா என்றே தெரியவில்லை.

"அங்கனயும் இப்பிடித்தான் பண்ணுனியா?" என்று கேட்டேன்.

"பண்ணுனேன் மச்சான். கும்பிடப் போற நேரத்துல கழுத்தப் புடிச்சிருவாங்க. வாத்தியாரு ரொம்ப நாளா நான் சாமி கும்பிடுறேன்னே நெனச்சுக்கிட்டு இருந்தாரு. ஒவ்வொரு தடவையும் நான் முடிக்கிற வரைக்கும் எல்லாரையும் நிப்பாட்டி வைப்பாரு."

சொல்லிவிட்டு அவனே சிரித்துவிட்டான். சின்னச் சிரிப்பு, மூக்கு வழியாக வந்தது. நானும் சிரித்தேன். பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். தினமும் தொடங்கும்போதே ஒருவரை ஒருவர் தொட்டு, அன்றைக்குப் படப்போகிற கால்களுக்கெல்லாம் மொத்தமாக ஒரே கும்பிடு போட்டுவிடுவது. நடுவில் கும்பிடக் கூடாது. இருந்தாலும் கை லேசில் கேட்கவில்லை. ரொம்ப நாளைக்குப் பாதி வழி போய்த்தான் திரும்பி வந்தது.

வாரங்கள் போகப் போக எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. பந்தல் கம்பியை முறுக்கிப் பழகிய கை என்பதால் பிடி நன்றாக இருந்தது. "நீங்க புடிச்சா விடமாட்டேங்குறீக மச்சான். எப்ப விடணும்னும் தெரியணும்" என்பான். கவாத்து வெட்டி முடித்துத் திராட்சை துளிர்க்கிற சமயத்தில் நான் அவன் கார்டைத் தாண்டத் தொடங்கியிருந்தேன். அப்புறம் ஒருநாள் அவன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அடுத்த நாளும் உட்கார்ந்தேன். அதற்கடுத்த வாரம் அவன் கையை மடக்கிப் பிடித்ததும், அவன் தார்ப்பாயில் தட்டினான். நீல பெல்ட்டுக்காரன் தட்டிவிட்டான்!

எனக்குத் தலைகால் புரியவில்லை. சின்னமனூரில் உரக்கடைக்குப் போனால் அங்கே சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். டீ மாஸ்டர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "பிரேசில்காரன் நல்லவேளை அங்கனயே இருந்துட்டான்" என்றார். அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் உங்கள் அம்மா தினமும் கேட்பாள். "இன்னைக்கு எப்பிடி?"

"இன்னைக்கும் நான்தான் ஜெயிச்சேன்."

"உங்களக் கேக்கல. அவன் எப்பிடி இருந்தான்?"

அவன் கொட்டகைக்கு வந்தான். சொல்லிக்கொடுத்தான். தோற்றான். திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டான். தட்டில் சோறு முன்பு போலவே மிஞ்சியது. கால் கும்பிட்ட அன்றைக்கு வந்த சிரிப்பு திரும்ப வரவேயில்லை. நான் ஜெயிக்க ஜெயிக்க அவன் ஒடுங்கிக்கொண்டே போகிற மாதிரி இருந்தது. ஆனால் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

மூத்தவளே, விளங்கவைத்தது நீதான். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. பள்ளிக்கூடம் லீவு. பல் விளக்கிக்கொண்டே கொட்டகைக்கு வந்து, காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். நான் மாமன் மேல் ஏறி, கையை மடக்கி, தட்ட வைத்துவிட்டு உன்னைப் பெருமையாகப் பார்த்தேன். அவன் முகம் கழுவத் தொட்டிக்குப் போயிருந்தான். நீ நுரையைத் துப்பிவிட்டுச் சொன்னாய்:

"அப்பா, மாமா எங்கூடக் கைய மடக்குற வெளாட்டு வெளாடும்போதும் இப்பிடித்தான். மொகத்த மட்டும் கஷ்டப்படுற மாதிரி வச்சுக்கிருவாக. அப்பறம் தோத்துப்போவாக."

"நீ சின்னப்பிள்ள ஆத்தா. அதனால விட்டுக்குடுக்கான்."

"ஒங்களுக்கும் அதே மொகந்தாப்பா வைக்காக."

போய்விட்டாய். நான் அந்தத் தார்ப்பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்தது. நான் தள்ளுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவன் சாய்ந்திருக்கிறான். நான் கையைத் தேடும்போது, இந்தா என்று கொடுக்கிற மாதிரி கை அங்கே இருந்திருக்கிறது.

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். கேட்டேவிட்டேன்.

"மாப்ளே, வேணும்னே தோக்குறியா?"

துண்டை மடித்துத் தோளில் போட்டான்.

"சொல்லு."

"என்னைய என்ன பண்ணச் சொல்றீக மச்சான்? உங்க கல்யாணத்துல மண்டபத்து வாசல்ல செம்பத் தூக்கிக்கிட்டு நின்னு இந்தக் காலக் கழுவிவிட்டது நான். அக்கா புருசன் வயித்துல முட்டியப் போட்டு அமுக்கச் சொல்றீகளா?"

உங்களுக்குத் தெரியும், நம் பக்கம் கல்யாணங்களில் பெண்ணுக்குத் தம்பி இருந்தால் அவன்தான் மாப்பிள்ளையின் காலைக் கழுவிவிடுவான். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். அவன் அப்போது டவுசர் போட்ட பயல். செம்பு கனத்து, பாதித் தண்ணீர் என் பட்டு வேட்டியில்தான் கொட்டியது.

"அது கல்யாணம். இது வெளாட்டு. அங்கன எல்லாரையும் அமுக்குனேல்ல?"

"அவுக வீட்டுச் சோத்த நான் திங்கல."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் எனக்குக் கீழே படுத்தது மரியாதைக்காக மட்டும் இல்லை. வேலை இல்லாமல் வந்து அக்கா வீட்டில் உட்கார்ந்திருப்பவன், அதற்கு மேல் எழுந்து நிற்கத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்துவிட்டான். கட்டிலில் படுத்ததும் அதே நினைப்பில்தான். அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே இடத்தில் கூட நாள் தவறாமல் எனக்குக் கீழே போய்ப் படுத்திருக்கிறான். நானும் அதற்கு மேலே ஏறி உட்கார்ந்து டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"நான் ஒன்னும் படிக்கலயே மாப்ளே" என்றேன். "எனக்குச் சொல்லிக்குடு. நெசமாச் சொல்லிக்குடு."

"முடியாது மச்சான்."

உங்கள் அம்மா காபித் தூக்குவாளியோடு கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. வாளியைத் தூணோரம் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தார்ப்பாய் ஓரமாக வந்து நின்றாள்.

"ஏலே, அவுக காலக் கழுவுன்னு செம்பக் குடுத்தது யாரு?"

"நீதான்க்கா."

"இப்ப அவுக வயித்துல முட்டியப் போடுன்னு சொல்றதும் நான்தான். போடு."

"அக்கா..."

"வீட்டுச் சோறுங்குற. யாரு வீட்டுச் சோறு? நான் வடிச்ச சோறு. எந்தம்பி திங்காம வேற யாரு திம்பா? அவுக படிக்கணும்னு கேட்டு வந்து நிக்காக. வச்சுக்கிட்டுக் குடுக்காம இருக்குறதுதான் மருவாதியா?"

நான் போய் மல்லாந்து படுத்துக்கொண்டேன். அதைத் தவிர நான் செய்யக்கூடிய உதவி ஒன்றும் இருக்கவில்லை. அவன் தோள் துண்டை எடுத்துத் தூணோரம் போட்டான். பிறகு பக்கத்தில் வந்து, என் சட்டைக் கழுத்தைப் பிடித்து, முட்டியை என் வயிற்றில் பூ வைக்கிற மாதிரி வைத்தான்.

உங்கள் அம்மாவா விடுகிறவள்? "அமுக்குறியா, மாவு பெசையிறியா?"

அவன் அமுக்கினான்.

பிள்ளைகளே, உர மூட்டை மேலே சரிந்து விழுந்த அனுபவம் எனக்கு உண்டு. அது பரவாயில்லை. மூட்டை விழுந்த இடத்தில் கிடக்கும். இது நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே வந்தது. மூச்சு வெளியே போனது, உள்ளே வரவில்லை. கையால் தள்ளினேன். தள்ளின கையை எடுத்துக்கொண்டான். எப்போது எடுத்தான், எப்படிச் சுழன்றான் என்று தெரியாது. என் கை அவன் இரண்டு கால்களுக்கு நடுவில் நீட்டிக்கொண்டு இருந்தது. அவன் இடுப்பை லேசாகத் தூக்கியதும் முழங்கையில் ஒரு சுள்ளென்ற வலி. தட்டினேன். படபடவென்று தட்டினேன்.

உடனே விட்டுவிட்டான். எழுந்து என் முகத்தைக் குனிந்து பார்த்தான். பயந்துபோயிருந்தான்.

"வலிக்குதா மச்சான்?"

"வலிக்குது. எப்பிடிடா பண்ணுன? இன்னொருக்கா."

பண்ணினான். அதற்கப்புறம் இன்னொரு தடவை. மூன்றாவது தடவை, "கைய நீட்டித் தள்ளாதீக. முழங்கைய ஒடம்போட ஒட்டி வைங்க. மொதல்ல மூச்ச விடுங்க" என்று அதட்டலாகச் சொன்னான். அதட்டினான் என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அக்காவைப் பார்த்தான். அவள் காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். கண்டுகொள்ளவில்லை.

அன்றிலிருந்துதான் என் படிப்பு தொடங்கியது. அதுவரைக்கும் படித்தது ஒன்றும் படிப்பில்லை. ஜெயித்து ஜெயித்து வீங்கியிருந்தவன், இப்போது தினமும் தோற்றேன். முதலில் நான் கற்றுக்கொண்டது மூச்சு விடுவதை. சிரிக்காதீர்கள். கீழே மாட்டிக்கொண்டவன் பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வான். பிடித்துக்கொண்டால் சீக்கிரம் களைத்துப்போவான். அமுக்குகிறவனின் பாரத்தோடு மெதுவாக மூச்சை விட்டு, மெதுவாக இழுக்க வேண்டும். இதற்கே எனக்குப் பல வாரம் ஆனது. பிறகு முழங்கையை ஒடுக்கி வைப்பது. பிறகு ஒரு பக்கமாகத் திரும்புவது. மல்லாந்தே கிடந்தால் வழி இல்லை. தோளை ஒருக்களித்தால் இம்மி இடம் கிடைக்கும். அந்த இடத்துக்குள் முழங்கையை நுழைக்க வேண்டும்.

உங்கள் மாமன் ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. அப்படி நான் எழுதினால் அது பொய். சில நாள் எழுந்திருக்க மாட்டான். நான் அந்த இறுக்கமான வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு போய் அவன் கட்டில் ஓரத்தில் உட்காருவேன். ஒன்றும் கேட்க மாட்டேன். "இன்னைக்கு வேண்டாம் மச்சான்" என்றால், "சரி மாப்ளே" என்று எழுந்து அப்படியே தோட்டத்துக்குப் போய்விடுவேன். அந்த உடுப்போடு பந்தலுக்கு அடியில் கவாத்துக் கத்தரியோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தோட்டத்துக்காரர் மருந்து அடிக்கப் புது உடுப்பா என்று கேட்டிருக்கிறார். ஆனால் வராத நாட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன. உங்கள் அம்மா சோறு வைக்கும்போது தட்டைப் பார்க்காத மாதிரி பார்ப்பாள். காலியாக இருந்தால் சத்தமில்லாமல் இன்னொரு கரண்டி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

மழைக்காலம் முடிந்து மேகமலை தெளிவாகத் தெரிந்த ஒரு காலை. அவன் என் நெஞ்சு மேல் ஏறி உட்கார்ந்திருந்தான். என் சட்டைக் கழுத்தில் ஒரு கை வைத்துவிட்டான், இன்னொரு கை வரப்போகிறது. வந்தால் கழுத்து போச்சு. நான் மூச்சை விட்டேன். வலது தோளில் ஒருக்களித்தேன். முழங்கை அவன் முட்டிக்கு அடியில் போய் நின்றது. அவன் பாரத்தை மாற்றினான். நான் காலை ஊன்றி இடுப்பைப் பின்னுக்குத் தள்ளினேன். கொஞ்சம்தான் போனது. இன்னொரு தடவை தள்ளினேன். என் முட்டி அவனுக்கும் எனக்கும் நடுவில் நுழைந்தது. மற்றக் காலையும் இழுத்து அவன் இடுப்பைச் சுற்றிப் போட்டுக் கட்டிக்கொண்டேன்.

நான் ஜெயிக்கவில்லை. கீழேதான் கிடந்தேன். ஆனால் அவன் என் நெஞ்சின் மேல் இல்லை. என் கால்களுக்கு நடுவில், என் கார்டுக்குள் இருந்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். மூத்தவள் சொன்ன அந்த முகம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அவன் கண் அகலமாகத் திறந்திருந்தது.

"அதான் மச்சான்!" என்று கத்தினான். "அதான்! அதேதான்! நான் விடல மச்சான்! சத்தியமா நான் விடல! நீங்களா வந்துட்டீக!"

கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. என் சட்டையைப் பிடித்து உலுக்கினான். தார்ப்பாயைக் கையால் அடித்து அடித்துச் சிரித்தான். வீட்டுக்குள்ளிருந்து உங்கள் அம்மா அரிவாள்மணையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தாள். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் வந்திருக்கிறாள். கையில் பாதி வெட்டின கத்திரிக்காய். வாசலில் நின்று அவனைப் பார்த்தாள். அவன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். "அக்கா, பாத்தியா, மச்சான் வெளிய வந்துட்டாக! நான் கழுத்தப் புடிச்சிட்டேன்க்கா, அதுலயும் வந்துட்டாக!"

"ஏன்டா இப்பிடிக் கத்துற, ஊரே வந்துரும் போல" என்றாள். சொல்லிவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"எங்க, இன்னொருக்கா பண்ணுங்க பாப்போம்" என்றான் என்னிடம். கேட்கக்கூட இல்லை. என் காலைப் பிரித்து, தாண்டி, முழுப் பாரத்தையும் போட்டு நெஞ்சு மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். இந்தத் தடவை என் முழங்கை போகவேண்டிய இடத்துக்கு அவன் முட்டி முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. நான் நெளிந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. தட்டினேன். தார்ப்பாய்ச் சத்தம் கேட்டு உங்கள் அம்மா என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கையில் அந்தக் கத்திரிக்காயோடு, தன் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.